தோற்றவரின் பக்கம்

கோலா சாவா தோட்டக் குடியிருப்பிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது, அண்மையில் நடந்த கிராண்ட்மாஸ்டர் சதுரங்க ஆட்டங்களை என் போனில் பார்த்து, தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்வேன். பக்கத்து இருக்கைத் தோழி அமுதாவும் எட்டிப் பார்ப்பாள்.

தோட்டத்துச் சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவளே எதிரே உட்கார்ந்தாள். வென்றால் சிரம்பானில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அந்த வாரம் பார்த்த ஆட்டத்தையே நான் ஆட, அவளும் அதில் தோற்றவரின் நகர்த்தல்களையே ஆடினாள். பாவம், யார் தோற்றார் என்பதை மறந்துவிட்டாள் என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

அந்த ஆட்டத்தில் தோற்றவர் தவறிய இடம் வந்தது. அமுதா குதிரையை வேறு கட்டத்தில் வைத்தாள். அதற்கு மேல் எனக்கு எதுவுமே தெரியாது.

தோற்றபின், அந்த நகர்த்தல் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“நீ ஜெயிச்சவர பாத்த. நான் தோத்தவர் எங்க தப்பு பண்ணாருன்னு பாத்தேன் லா.”

தினமும் தோளுரசி உட்கார்ந்தவள் எதைப் பார்க்கிறாள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.