ஒரே இடத்தில் ஒடிந்த கம்பிகள்

உறுவையாறு முனையில் வழக்கம்போலப் பேபி அக்காவின் சைக்கிளுக்காகக் காத்திருந்தேன். பால் வண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார். "யாருக்கு பாப்பா நிக்கிற? பேபி விடியக்காலைல ஆஸ்பத்திரிலயே தவறிப்பூட்ச்சி. உனுக்கு யாரும் சொல்லலியா?" டெங்குக் காய்ச்சல் என்று சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, ராத்திரியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இன்று வேலைக்கு வந்துவிடுவேன் என்று அக்கா நேற்று போனில் சொல்லியிருந்தார். நான் டிபன் பையோடு அங்கேயே நின்றேன்.

வில்லியனூர் தையல் கம்பெனியில் வேலை செய்த எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். பெரிய உடம்பு. மெஷின் சத்தத்தை மீறி வரும் சிரிப்பு. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற என்னைப் பிசிறு வெட்டும் வேலையில் சேர்த்து, தினமும் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். வேலை நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. அக்கா இல்லாவிட்டால் நான் வீட்டோடுதான்.

அந்தச் சைக்கிளின் பின்சக்கரத்தில் போக்ஸ் கம்பி ஒடிந்துகொண்டே இருந்த காலம் ஒன்று உண்டு. ஒன்றை மாற்றினால் சில நாளில் பக்கத்துக் கம்பி ஒடியும். சக்கரம் கோணி பிரேக் கட்டையில் உரசும். இறங்கித் தள்ளிக்கொண்டு போய் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவோம். சைக்கிள் கடை ஜாபர் பாய், "பேரு பேபி, ஏறுனா லாரி. இதுல டபுள்ஸ் வேற" என்பார். "லாரின்னா பின்னால ரெட்ட டயரா போடு பாய், யாரு வேணான்னா?" என்று அக்காவும் சேர்ந்து சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. டபுள்ஸ் என்றது என்னைத்தான்.

ஒருநாள் காலையில் மறுபடி கம்பி ஒடிந்தபோது சொல்லிவிட்டேன்.

"நாளைலேர்ந்து நான் வரலக்கா. என்னாலதான் ஒடியுது."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான்."

"ஒடிஞ்சத எடுத்துப் பாத்தியா? பாத்துட்டு சொல்லுடி."

நான் பார்த்ததில்லை. அக்கா பார்த்திருந்தார். ஒடிந்த கம்பிகளை மெஷின் டிராயரில் போட்டுவைத்து, பாவாடைக்கு நாடா கோர்க்க அவற்றைத்தான் எடுப்பார். அன்று சாயங்காலம் அவற்றை பாய் கடைப் பலகையில் வரிசையாக வைத்தார். எல்லாம் ஒரே நீளம். அச்சில் மாட்டும் வளைந்த கழுத்து மட்டும் ஒன்றிலும் இல்லை.

"எல்லாம் செயின் பக்கத்துக் கம்பிதான பாய்?"

"ஆமா."

ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் துணியைச் சுற்றி, ஒரு முனையை பாயிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு இழுக்கச் சொன்னார். பாயின் செருப்புதான் நழுவியது. பிறகு அதே கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்தார். பட்டென்று ஒடிந்தது.

"இழுத்தா ஒடியல, ஆட்டுனா ஒடியுது. வெயிட்டு இன்னா பண்ணும்? உள்ள லூசா கெடந்து ஆடுது பாய். ஒரு தையல் லூசானா பக்கத்து தையல் பிரியுதுல்ல? ஒடிஞ்சத மட்டும் மாத்தாத. அந்தப் பக்கம் பூரா புதுசு போடு."

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி பாய் புதுக் கம்பிகளை முறுக்க, அக்கா ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் கேட்டார். சத்தம் மந்தமாக வந்தால், "இது தூங்குது பாய், எழுப்பு" என்பார். கடைசியில் சுற்றிவிட்டபோது சக்கரம் இம்மியும் ஆடவில்லை. நான் வாயைப் பிளந்து நின்றேன். தன் உடம்பைச் சொல்லி எல்லோரும் சிரிக்கையில் கூடவே சிரித்துக்கொண்டு, உள்ளுக்குள் இவ்வளவையும் யோசித்திருக்கிறாரே இந்த மனுஷி!

"ஏறுடி, லாரி கெளம்புது" என்றார். அதன்பிறகு அந்தச் சக்கரத்தில் ஒரு கம்பியும் ஒடியவில்லை.

சாவு வீட்டில் எனக்குப் பின்னால் ஒரு பெண், "அந்த ஒடம்ப வெச்சிக்கினு எத்தினி நாளு தாங்கும்? வெயிட்டுதான் கொண்டுபோயிடுச்சி" என்றார். நாலு பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. திரும்பினேன்.

"யாரு சொன்னது? கூட இருந்து பாத்தீங்களா? டெங்கு ஜுரம் அவங்களுக்கு. பாத்துட்டு சொல்லுங்க."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

கருமாதி முடிந்ததும் அக்கா வீட்டுக்காரர் சைக்கிளை என் பக்கம் தள்ளினார். "வூட்ல நின்னா துருதான் புடிக்கும். நீ வேலைக்கி எடுத்துக்கினு போம்மா."

அக்காவிடமிருந்து எனக்கு வந்தவை அந்தச் சைக்கிளும், "பாத்துட்டு சொல்லு" என்ற அந்தக் குரலும். காலையில் ஏறுவதற்கு முன் பின்சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேட்கிறேன். ஒன்றுகூடத் தூங்கவில்லை.