செல்லப்பா முதலாளியின் உபயம்

1929ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி, புதன்கிழமை, காலை பத்து மணி. கண்டி கொழும்புத் தெருவில் துணிக்கடை வைத்திருந்த செல்லப்பா, இரண்டரை யார் நீளத்துக்கு வெள்ளைத் துணியைத் தாமே அளந்து கிழித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு என்றதும் விலையிலும் சிறிது குறைத்தார். வாங்கப் போனவன் நான். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு மாணவர்கள் அந்தத் துணியை விரித்துப் பிடித்து அவர் கடை வாசலைக் கடந்தார்கள். அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘தொழில் காணும் பயணம். உபயம்: பளீல், இரும்புக் கடை.’

பளீலின் இரும்புக் கடை செல்லப்பாவின் கடைக்கு நேர் எதிரே இருந்தது. எதிரே ஒரு விளக்குக் கூடினால் இங்கே இரண்டு கூடும். எதிரே பெயர்ப்பலகைக்குப் புதுச் சாயம் பூசினால் இங்கே பலகையே புதிதாக வரும். செல்லப்பா இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து பதினான்கு வயதில் வந்தவர். பதினொரு வருடம் இன்னொருவர் கடையில் துணி மடித்து, 1919இல் சொந்தக் கடை போட்டார். மனைவி கமலத்தோடு மஹய்யாவையில் குடியிருந்தார், பிள்ளைகள் இல்லை. குடிக்க மாட்டார், அளவில் ஓர் அங்குலம் குறைக்க மாட்டார். பொறாமை ஒன்றுதான் அவரிடம் நான் கண்ட குறை. அந்தக் குறையால் விளைந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மஹய்யாவையில் இருந்த தமிழ்ப் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சுந்தரலிங்கம் என்ற ஆசிரியர் வந்திருந்தார். நான் நகரசபையில் தண்ணீர் வரிப் பிரிவில் கிளாக்கர். பாடசாலையின் பெற்றோர் சங்கத்துக்கும் நானே செயலாளர். ஏழாம் வகுப்பில் இருபத்து நான்கு பிள்ளைகள். பெரியவர்களானதும் என்ன தொழில் செய்வீர்கள் என்று ஆசிரியர் ஒரு நாள் கேட்டார். பதினைந்து பேர் கடை என்றார்கள், ஆறு பேர் கந்தோர் உத்தியோகம் என்றார்கள், மூன்று பேர் பேசவே இல்லை.

“பிள்ளையளுக்குக் கடையும் கந்தோரும் விட்டா வேற ஒண்டும் தெரியாது, கிளாக்கர். கண்ணாலே கண்டாத்தானே ஆசை வரும்?” என்றார் அவர்.

அச்சுக்கூடம், பேக்கரி, தந்திக் கந்தோர், ரயில் என்ஜின் கொட்டகை, மருந்துச்சாலை எல்லாவற்றையும் ஒரு நாளில் சுற்றிக் காட்டுவது என்று முடிவாயிற்று. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சங்கத்திடம் வழியில்லை. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளை ஒவ்வொருவர் உபயமாக ஏற்பதுபோல் இதையும் யாராவது ஏற்கட்டும் என்று யோசனை சொன்னவன் நான். முதலில், அண்ணன் முறையில் ‘நானா’ என்று நான் அழைக்கும் பளீலைக் கேட்டோம். கேட்ட வாய் மூடுமுன் அவர் சம்மதித்துவிட்டார்.

பயணம் முடிந்த மறுநாள் செல்லப்பா என்னைக் கடைக்குள் கூப்பிட்டார்.

“என்னா கிளாக்கரய்யா, எங்கிட்டயே துணி வாங்கி, அந்தாளு பேர எழுதி, என் கடை வாசல்லயே ஊர்வலம் விடுறீங்களா?”

“எதுக்குன்னு நீங்க கேக்கலையே முதலாளி.”

“கேட்டிருந்தா?”

“சொல்லியிருப்பேன்.”

“சொல்லியிருந்தா துணியே கொடுத்திருக்க மாட்டேன்!” சற்று நேரம் எதிர்க் கடையையே பார்த்தார். “எத்தன புள்ளைங்க போச்சு?”

“இருபத்து நாலு.”

“அடுத்த வருசம் என் உபயம். முப்பதுக்குக் கொறையக் கூடாது.”

முப்பது சேர ஆறாம் வகுப்பிலும் ஆள் எடுத்தோம். 1930இல் முப்பத்தொரு பிள்ளைகள் பேராதனைத் தோட்டத்தையும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் செல்லப்பாவின் பெயர் தைத்த கைக்குட்டை கிடைத்தது. பளீல் தம் கடை வாசலில் நின்றபடியே தெருவைத் தாண்டிச் சத்தம் போட்டார்:

“நல்ல வேல செஞ்சீங்க முதலாளி! புள்ளைகள் மூக்குத் தொடைக்கவும் உங்கட பேரையே குடுத்திட்டீங்களே!”

தெருவே சிரித்தது. அன்று பகல் செல்லப்பா சாப்பிடவில்லை என்று கமலம் பின்னர் சொன்னார்.

1931இல் பளீல் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கோடு போடும் அடிமட்டம் கொடுத்தார், எனக்கும் ஒன்று தந்தார். நல்ல மரத்தில் செய்து, பின்புறம் கடையின் பெயர் அச்சடித்தது. கைக்குட்டைகள் ஒரு மாதத்தில் காணாமல் போயின; அடிமட்டம் வருடம் முழுவதும் பிள்ளைகளின் கையில் இருந்தது. செல்லப்பா வீட்டுக்குப் போகும் வழியில் அதை ஏந்திய பிள்ளைகள் எதிரே வந்தால் மறுபக்கம் போவார்.

“ஏங்க, ஒரு மரக்கட்டையப் பாத்து இப்படி மொகம் சுருங்கலாமா?” என்று கமலம் கேட்டிருக்கிறார்.

“உனக்கென்ன தெரியும்? என் பேரு தொவைக்கப் போயிருச்சு. அவன் பேரு எழுதிக்கிட்டிருக்கு.”

1932இல் அவர் நாவலப்பிட்டி வரை ஒரு முழு ரயில் பெட்டியை அமர்த்தினார். முப்பத்தெட்டுப் பேர். 1933இல் பளீல் நாற்பது, 1934இல் செல்லப்பா நாற்பத்திரண்டு. ஒற்றை வருடம் பளீல், இரட்டை வருடம் செல்லப்பா என்பது எங்கும் எழுதாமலே வழக்கமாகிவிட்டது.

அந்த வருடம், செல்லச்சாமி என்ற நகரசபைத் தொழிலாளியின் மகள் சீதா ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். மருந்துச்சாலையைப் பார்த்த அன்றே அவளுக்கு அந்த ஆசை வந்ததாம். நான் ஓடிப் போய்ச் செல்லப்பாவிடம் சொன்னேன்.

“அந்தப் புள்ள எந்த வருசம் போனா?” என்றார்.

கையிலிருந்த சங்க ஏட்டைப் பார்த்தேன். “இருபத்தொன்பது.”

“அந்தாளு வருசமா?” மடித்திருந்த துணியை உதறி மறுபடி மடிக்கத் தொடங்கினார்.

1935 ஜனவரியில் பளீலின் கடை மூடியது. தேயிலைத் தோட்டங்களுக்குக் கடனாகக் கொடுத்த சாமான்களுக்கு வரவு இல்லை. மிச்சச் சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு மனைவி கைரியாவின் ஊரான திகனைக்குப் புறப்பட்டார். செல்லப்பா தம் வாசலில் கைகட்டி நின்றார்.

“நான் திகனக்குப் போற முதலாளி. இனி இந்தத் தெரு உங்களுக்குத்தான்,” என்றார் பளீல். வண்டியில் ஏறியபின் திரும்பிப் பார்த்தார். “அங்கயும் ஒரு பள்ளிக்கூடம் ஈக்குது. புள்ளைகளும் ஈக்கிறாங்க. உபயத்த நான் உடமாட்டேன்!”

அந்த வருடம் பளீலின் முறை. செல்லப்பாவே ஏற்காவிட்டால் பயணம் நின்றுவிடும். ஆசிரியரும் நானும் மூன்று தடவை போனோம்.

“என் மொற போன வருசத்தோட முடிஞ்சுச்சு. யாவாரம் மந்தம்,” என்றார். எதிரே பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடை மூடினால் அவர் மகிழ்வார் என்று தெருவில் எல்லோரும் நினைத்திருந்தோம். அவரோ புதுச் சரக்குக்குக்கூடக் கொழும்புக்குப் போகவில்லை.

மூன்றாவது தடவை நாங்கள் எழுந்தபோது என்னை மட்டும் நிறுத்தினார். “திகனயில அந்தாளு எத்தன புள்ளைங்களக் கூட்டிட்டுப் போறாராம்? நீங்க போய்ச் சரியாக் கேட்டுட்டு வாங்க. ஒங்க கணக்குத் தப்பாது.”

பெப்ரவரி 10ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் திகனைக்குப் போனேன். பளீலின் புதுக் கடைக்கு நான்கு கதவுப் பலகைகள், இரண்டுதான் திறந்திருந்தன. உள்ளே அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன்.

“நான் எங்க கிளாக்கர் கூட்டிப் போற? எங்கட சாப்பாட்டுக்கே கணக்குப் பாக்கிற.”

“அப்ப ஏன் நானா அப்படிச் சொன்னீங்க?”

“அந்த மனிசன் என்னைப் பாத்து எரியாட்டி அவரட கை தொறக்காது. ஆறு வருசம் எதிர்க்க இருந்து பாத்தேனே.” ஆணியைக் கடதாசியில் சுற்றினார். “எனக்கும் எரிஞ்சதுதான். ரயில் பெட்டி பிடிச்சாரே, அன்டைக்கு ராவு எனக்குத் தூக்கமே இல்ல. போய் அம்பதுன்டு சொல்லுங்க.”

நான் பொய்க் கணக்கு எழுதியதில்லை. திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். செல்லப்பா கடை வாசலிலேயே காத்திருந்தார்.

“பளீல் நானா ஐம்பதுன்னு சொன்னாரு,” என்றேன். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

“அம்பதா?” அவர் முகத்தில் பழைய கடுப்பு வந்தது. “கடை போன மனுசனுக்கு அம்பது! நம்மளுது அம்பத்தஞ்சு. எழுதிக்குங்க.”

ஐம்பத்தைந்து பிள்ளைகள், இரண்டு பஸ்கள். அன்று மாலை அவர் ஆசிரியரிடம் கேட்டது ஒன்றே: “இது திகனயில தெரிஞ்சிருக்குமா?”

1936 பெப்ரவரியில் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு அவர் திகனைக்குப் போக நேர்ந்தது. போய் ஆறாம் நாள் என்னை அழைத்தார்.

“கிளாக்கரய்யா, ஒங்க அம்பது பேரத் திகனயில தேடிட்டு வந்தேன்.”

“பளீல் நானா சொன்னாருன்னுதான்...”

“ஆமா, நீங்க சரியாத்தான் சொன்னீங்க.” மேசையில் விரலால் தட்டினார். “ரெண்டு கதவு மூடிக் கெடக்கு. என்னையக் கண்டதும் மத்த ரெண்டையும் அவசர அவசரமாத் தொறக்குறாரு. டீ வாங்கிக் கொடுத்தாரு. இந்த வருசம் அறுவதுன்னு வேற சொன்னாரு, கண்ண இமைக்காம!”

எரிச்சலோடு எழுந்து போய்த் துணிக் கட்டை எடுத்து வந்தார்.

“அந்தப் பள்ளிக்கூடத்துலயும் பத்தொம்பது புள்ளைங்க இருக்காம். தலைமை வாத்தியாரப் பாத்துட்டுத்தான் வந்தேன். அதுங்களையும் நம்ம பஸ்ஸுல ஏத்துங்க.”

வழக்கமாக இரண்டரை யார்தான். அன்று ஐந்து யார் அளந்து கிழித்தார்.

“இதுல ரெண்டு பேரு எழுதணும். நம்ம பேரு மேல. அந்தாளு பேரு கீழ, சின்ன எழுத்துல.”

பெயர் எழுதும் லெட்சுமணன் அவர் பெயரை ஆறு அங்குலத்திலும் பளீலின் பெயரை நான்கு அங்குலத்திலும் கோடு போட்டான். செல்லப்பா தள்ளி நின்று பார்த்தார், தெருவின் அந்தப் பக்கம் போயும் பார்த்தார்.

“இவ்வளவு சின்னதாப் போட்டா தெருவுல ஒருத்தனுக்கும் படிக்க ஏலாது. யாரைவிட நான் பெரிசுன்னு தெரிய வேணாமா? கூட்டு!”

ஐந்தாக்கினான். போதாது என்றார். ஐந்தரை ஆக்கினான். அதற்கும் தலையசைத்தார்.

கடைசியில் நின்ற அளவை நான் பளீல் கொடுத்த அடிமட்டத்தால் அளந்து ஏட்டில் எழுதினேன். செல்லப்பா, ஆறு அங்குலம். பளீல், ஐந்தே முக்கால்.