பெற்றோல் அடிக்கப் போன இடத்தில் கலியாணம் பேசிய கதை

கடந்த யூனில் லக்சம்பேர்க் போய் வந்தேன். எங்கள் ரொறன்ரோப் பக்கம் மாலை நெரிசலில் மல்வேர்னிலிருந்து விட்பி போய்ச் சேர்வதற்குள் அந்தக் குட்டி நாட்டைக் குறுக்கே கடந்துவிடலாம். அங்கே என்ன இருக்கிறது என்று பலரும் கேட்டார்கள். அது என் தங்கை வீடுமல்ல, மாப்பிள்ளை வீடுமல்ல. அதுதான் காரணம்.

தங்கை குடும்பம் பிரான்சில், மெட்ஸ் நகரில். அவள் மகள் அபிரா விரும்பிய ரமணன் ஜேர்மனியில், ட்ரியரில். மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் படியேற வேண்டும் என்றார் தங்கையின் கணவர். இருவரும்தானே விரும்பினார்கள், நாங்கள் ஏன் முதலில் என்றார்கள் ரமணன் வீட்டில். ஒருவரும் அசையவில்லை. இந்தக் கோடைக்குள் பேசாவிட்டால் யாரையும் அழைக்காமல் பதிவுத் திருமணம் செய்வேன் என்று அபிரா சொல்லிவிட்டாள். தாய்மாமனான நான், யார் வீட்டுப் படியும் யாரும் ஏறாமல் பேச, மூன்று நாட்டு எல்லைகளும் சந்திக்கும் லக்சம்பேர்க்கின் ஷெங்கன் கிராமத்தில் உணவகம் ஒன்றில் மேசை பதிவு செய்தேன்.

ரொறன்ரோவிலிருந்து பிராங்க்பேர்ட்டுக்கு விமானத்தில் ஏழரை மணித்தியாலம், பிறகு பஸ். லக்சம்பேர்க்குக்குள் பஸ், ரயில், ட்ராம் எல்லாம் இலவசம். பழக்கத்தில் கட்டணக் கார்டைத் தட்ட இடம் தேடினேன். சாரதி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அயல்நாட்டவர்கள் காலையில் இங்கே வேலைக்கு வருகிறார்கள். மாலையில் மலிவான பெற்றோலும் கோப்பியும் ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். நான் கோப்பி வாங்கிய கடையில் ஒரு பெண் பிரெஞ்சில் வரவேற்று, ஜேர்மனில் விலை சொல்லி, சொந்த லக்சம்பேர்க் மொழியில் முணுமுணுத்தாள்.

அங்கிருந்து மெட்ஸ் போய்த் தங்கினேன்; பேச்சுவார்த்தை நாளன்று தங்கை குடும்பத்தோடு காரில் திரும்பி வந்தேன். எல்லை தாண்டியதும் தங்கையின் கணவரான மச்சான் காரைப் பெற்றோல் நிலையத்துக்குள் திருப்பினார்.

"கலியாணம் சரிவராட்டியும் எண்ணெயாவது அடிச்சதாயிருக்கும்."

முன்னால் ஜேர்மன் இலக்கத்தகட்டோடு ஒரு கார். அதன் சொந்தக்காரர் எங்கள் தமிழைக் கேட்டுத் திரும்பினார்.

"அண்ணை, உந்தப் பம்ப் வேலை செய்யாது. இஞ்சால வாங்கோ."

"உங்கட பக்கமும் விலை கூடவோ?" என்று மச்சான் கேட்டார்.

"ஐயோ, கேக்காதேங்கோ! நான் ஒவ்வொரு கிழமையும் இஞ்சதான் வாறனான்."

"நானும்தான்!"

இருவரும் சேர்ந்து இரண்டு அரசாங்கங்களையும் திட்டித் தீர்த்தார்கள். மச்சான் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததை நான் அண்மையில் கண்டதில்லை. அப்போது எங்கள் காரிலிருந்து அபிரா இறங்கினாள். அந்தக் காரிலிருந்து ஒரு பையன் இறங்கினான்.

"அப்பா, உவர்தான் ரமணன்ர அப்பா," என்றாள் அபிரா.

இருவரும் அவசரமாகத் தங்கள் தங்கள் பெற்றோல் குழாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நாங்கள் எண்ணெய் அடிக்கத்தான் வந்தனாங்கள்," என்றார் ரமணனின் தந்தை.

"ஓம், நாங்களும் அதுக்குத்தான்," என்றார் மச்சான்.

யாரும் யாரிடமும் போகவில்லை. இரு வீட்டுக் கௌரவமும் தப்பியது. மற்றவர் செலவில் சாப்பிட்டுவிடக் கூடாதென்று இரு பக்கமும் ரோல்ஸும் வடையும் கட்டி வந்திருந்தார்கள். உணவகத்து மேசையை விட்டுவிட்டு, மொசெல் ஆற்றங்கரையில் அவர்கள் வடையை நாங்களும், எங்கள் ரோல்ஸை அவர்களுமாகச் சாப்பிட்டோம். அபிரா சிரித்த சிரிப்பு மூன்று நாட்டுக்கும் கேட்டிருக்கும்.

கடைசி வடையோடு அடுத்த கேள்வி வந்தது: கலியாணம் மெட்ஸிலா, ட்ரியரிலா? இரண்டு சம்பந்திகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"ரொறன்ரோவில அண்ணை இருக்கிறார்தானே!"

லக்சம்பேர்க் போகிறவர்கள் பெற்றோலை அங்கேயே அடியுங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நடுநிலையாளராக மட்டும் போகாதீர்கள். ரொறன்ரோவில், ஸ்காபரோ பக்கம் ஐந்நூறு பேர் இருக்கக்கூடிய கலியாண மண்டபம் தெரிந்தால் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள்.