ஷாஜியின் இரண்டு ரூபாய்க்கு ஜோடி

கடைசியாக உங்கள் கைக்கு ஒரு இரண்டு ரூபாய் நாணயம் எப்போது வந்தது? யோசியுங்கள், அவசரமில்லை. எனக்கும் ஞாபகமில்லை. இன்று காலை தேங்காய்ப்பட்டணத்தில் அயலை வாங்கினேன். ஸ்டெல்லா மாமி மீன் வெட்டிக்கொண்டே, நிமிராமல், மீன் சருவப் பாத்திரத்தில் சாய்த்து வைத்திருந்த க்யூஆர் அட்டையைக் கத்தி முனையால் காட்டினார். பணம் வந்துவிட்டதென்று ஒரு பெட்டி கத்தியது. கையை முகர்ந்து பார்த்தேன், வெறும் மீன் வாடை. முன்பு அதோடு காசு வாடையும் சேர்ந்திருக்கும்.

அந்த இரண்டு வாடையும் சேர்ந்தால் எனக்கு ஷாஜி. மாமியின் மகன், என்னோடு கல்லூரியில் படித்தவன். படிப்பு முடிந்த கோடையில் அவன் துபாய் விசாவுக்குக் காத்திருந்தான். நான் எதற்கும் காத்திருக்கவில்லை, சும்மா இருந்தேன்.

மாமியின் சில்லறை வாளியில் அவனுக்கு ஒரு இரண்டு ரூபாய் கிடைத்தது. இந்தியா என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் இடத்தில், ‘என்’ எழுத்துக்குக் கால் இரட்டையாக இருந்தது.

"எலே, டபுள் டையாக்கும்!"

அதாவது, காசு அடிக்கிற அச்சிலேயே எழுத்து கொஞ்சம் விலகி இரண்டு முறை பதிந்திருக்கிறது. அபூர்வம். அச்சு தேய்ந்து எழுத்து உப்பிக்கொண்டாலும் பார்வைக்கு அப்படித்தான் தெரியும். அது அபூர்வமில்லை, குப்பை.

நாகர்கோவிலில் அப்போது ஞாயிறுதோறும் காசு சேர்ப்பவர்கள் கூடுவார்கள். ஷாஜி பெருமையாக நீட்டினான். மூத்தவர் ஒருவர் லென்ஸை எடுக்குமுன் மூக்கைக் கொண்டுபோனார்.

"என்னடே, சாளக் குழம்புல போட்டு எடுத்தியா? அச்சு தேஞ்சது. கொண்டு போ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம். சிரிப்பு தொற்று வியாதி, என்ன செய்ய?

திரும்பும் பஸ்ஸில், திங்கள்சந்தை தாண்டியதும் ஷாஜி காசை எடுத்துத் தானும் முகர்ந்து பார்த்தான். பிறகு, "எனக்க காச மணத்திப் பாத்துட்டுச் சொல்லுகான் பாத்தியா? லே, இதே எடத்துல இதே மாரி இன்னொரு காசு கெடச்சா என்ன சொல்லுவான்?"

நல்ல கேள்வி. தேயும் அச்சு காசுக்குக் காசு வேறு மாதிரி உப்பும். டபுள் டை என்றால் அதே பிசகு, அதே இடத்தில், அச்சு அசலாகத் திரும்ப வரும். ஆக, ஜோடி வேண்டும். விசா வருவதற்குள் வேண்டும்.

தினமும் மத்தியானம் வாளியைக் கவிழ்ப்போம். முதலில் வருடம், அதன் கீழே எந்த ஆலையில் அடித்தது என்று சொல்லும் நட்சத்திரக் குறி, அப்புறம் ‘என்’. மீன் தண்ணீர் காய்ந்து எழுத்தைச் சுற்றி உப்புக்கோடு படிந்திருக்கும். அதைப் பார்த்து எத்தனை தடவை கூவியிருப்போம்! எலுமிச்சை தேய்த்தால் இரட்டை ஒற்றையாகிவிடும். (தேய்த்தால் காசின் மதிப்பு போய்விடுமாம். காசு சேர்ப்பவர்கள் படிக்காதீர்கள், அடிக்க வருவீர்கள்.)

"மீனுக்கு நாரங்கா இல்ல, காசுக்குக் குளிப்பாட்டா?" என்பார் மாமி. "ரெண்டு எஞ்சினியருமாருக்க வேலயப் பாரு!"

ஒருநாள் அதே வருடம், அதே நட்சத்திரம், இரட்டைக் கால். ஷாஜி துள்ளிவிட்டான். லென்ஸ் வைத்தேன். அவனுடைய காசில் இரண்டு கோடும் பிரிகிற முனையில் கூர்மையாக ஒரு சின்ன வெட்டு உண்டு. இதில் முனை மழுங்கி வழிந்திருந்தது.

"வெட்டு இல்ல மக்கா."

"ஒனக்குக் கண்ணு பொட்ட. இருக்கு."

"நீயே பாரு."

வெகுநேரம் பார்த்தான். "இல்லடே," என்று அவனே வாளிக்குள் போட்டான். ஏமாற்றிக் காட்டியிருக்கலாம், செய்யவில்லை. அப்போதுதான், மழுங்கலுக்குப் பக்கத்தில் அந்தக் கூர்மையைப் பார்த்ததும், அவனுடைய முதல் காசு அசல் என்று எனக்குப் பட்டது. ஆனால் எனக்குப் படுவதை நாகர்கோவிலில் யார் கேட்டார்கள்?

விசா வந்தது. திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில் காசை என் கையில் வைத்தான்.

"ஒனக்குத்தான் வேலயும் இல்லல்லா. வாளியப் பாத்துட்டு இரி. ஜோடி கெடச்சா நேரா கொண்டுபெய்ட்டு அவனுக்க மூக்குலயே வையி."

பார்த்தேன். முழு வாளி அரை வாளியானது, பிறகு அடியில் கொஞ்சம். க்யூஆர் அட்டை வந்தபின் அதுவும் இல்லை. ஞாயிற்றுக் கூட்டமும் இப்போது போன் குரூப்பாகிவிட்டது, படம்தான் அனுப்ப வேண்டும், மூக்குக்கு வேலையில்லை.

"மாமி, அந்த வாளி எங்க?" என்று இன்று கேட்டேன்.

"அதுல ஐசுல்லா கெடக்கு."

எட்டிப் பார்த்தேன். ஐஸ்தான். அடுத்த மாதம் ஷாஜி லீவில் வருகிறான். காசு என் மேசை டிராயரில் இருக்கிறது. ஒன்றுதான்.