அக்கா கையில இருந்த சல்லடை

எங்க அக்கா செத்து ஏழு வருசம் ஆச்சு. தாயில்பட்டிக்குப் பக்கத்துல ஒரு பட்டாசுக் கம்பெனியில அவளும் நானும் ஒரே அறையில மருந்து அடைச்சோம். அந்த அறை வெடிச்சப்ப அவளோட சேர்ந்து இன்னும் மூணு பேர் போனாக. நான் தண்ணி பிடிக்க வெளிய போயிருந்ததால தப்பிச்சேன். தப்பிச்சது நல்லதுக்குன்னுதான் அப்ப நெனச்சேன்.

அன்னைக்குக் காலையில நடந்ததை முதல்ல சொல்லிடுறேன். முந்தின நாள் கலந்த மருந்து மிஞ்சிப் போச்சு. மிஞ்சினதை அன்னன்னைக்கே அழிக்கணும், இல்லேன்னா ஈரக்காத்து பட்டு தானா சூடேறும். சீசன் நேரம், ஆர்டர் கழுத்தை நெரிக்குது, யாரு அழிப்பா? ஒரு டப்பாவுல மூடி போட்டு மூலையில வச்சிட்டாக. காலையில அந்த டப்பா பக்கத்துல உக்காந்ததும் அக்கா மூஞ்சியச் சுளிச்சா. "ஏ புள்ள, மூத்திர வாடை மாதிரி வருது. தொட்டா வேற வெதுவெதுன்னு இருக்கு"ன்னா. "ஒனக்கு எதுலதான் வாடை வரல? போர்மேன் அண்ணாச்சி வந்தா சொல்லு"ன்னு சிரிச்சிட்டு நான் குடத்தைத் தூக்கிட்டுக் குழாயடிக்குப் போயிட்டேன். குடம் பாதி நெறையல. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, மிஞ்சிய மருந்தை மறுநாளைக்கு வைக்க மாட்டோம்னு அன்னைக்குக் காலையிலயும் கைய நீட்டி உறுதிமொழி எடுத்தோம். தினமும் உண்டு. கேட்டுக்கு உள்ள வரிசையா நிக்கணும், போர்மேன் சொல்லச் சொல்ல பின்னாலயே சொல்லணும். ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்க மாட்டோம்னு தொண்டை கிழியக் கத்திட்டு, அஞ்சாவது ஆளா நான் போயி உக்காருவேன். பத்து வருசம் சொல்லியிருக்கேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரி பிசகாம வரும். ஒரு வரியாவது மண்டைக்குள்ள போச்சா? திரும்பத் திரும்பச் சொன்னா மனசுல பதியும்னு மேடையில பேசுறவுகளை எங்க கேட்டுக்குள்ள ஒரு நா கொண்டாந்து நிறுத்தணும். பதியும்தான். எது பதியும்கிறதுதான் நம்ம கையில இல்ல.

ஆஸ்பத்திரி வாசல்ல போர்மேன் வந்து என் பக்கத்துல உக்காந்தாரு. அவரும் அழுதாரு, அதைப் பொய்யழுகைன்னு சொல்ல மாட்டேன். "ஏம்மா, போன உசுரு திரும்பாது. மிச்ச மருந்துன்னு வாயத் தொறந்தா கம்பெனிக்கு சீல் வச்சிருவாக. எம்புட்டுக் குடும்பம் தெருவுக்கு வரும்னு யோசி. ஒங்கக்கா மகளுக்கு வர வேண்டிய நிவாரணமும் இழுத்துக்கிட்டுக் கெடக்கும். மருந்து சலிக்கிற சல்லடை ஒங்கக்கா கை தவறி விழுந்துச்சு, உரசுனதுல பத்திக்கிருச்சு, அம்புட்டுத்தான் நீ சொல்லணும். யாரையும் குத்தம் சொன்ன மாதிரி ஆகாது"ன்னாரு. செத்தவ அந்த 'யாரையும்'ல சேர மாட்டா போல. நான் சரின்னு தலையாட்டினேன். பயந்துதான் ஆட்டினேன், வேற என்னத்தச் சொல்ல.

போலீசுக்குச் சொன்னப்ப நாக்கு ஒட்டிக்கிருச்சு. ஆலையைப் பாக்க வந்த அதிகாரிகிட்டச் சொன்னப்ப அம்புட்டுச் சிரமம் இல்ல. அதுக்கப்புறம் மைக்கை நீட்டுனவுக, துக்கம் கேக்கத் துட்டிக்கு வந்தவுக, பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்தவுகன்னு கேட்டவுகளுக்கெல்லாம் சொன்னேன். ஒருத்தர் எந்தக் கைன்னு கேட்டாரு, வலது கைன்னேன். இன்னொருத்தர் சத்தம் கேட்டுச்சான்னாரு, கிணுங்னு கேட்டுச்சுன்னேன். அடுத்த தடவையில இருந்து வலது கையும் கிணுங்கும் தன்னால வந்து சேர்ந்துக்கிருச்சு. வாய் கூசல. அதுதான் எனக்கு இப்பவும் ஆறல.

ஒரு நா வீட்டுல மாவு சலிச்சிக்கிட்டிருந்தேன். அக்கா கையில இருந்து சல்லடை நழுவுறது அப்படியே கண்ணு முன்னால வந்துச்சு. பவுடர் ஒட்டி வெள்ளியா மின்னுற அவ விரலு, தரையில ஒரு சுத்து சுத்திட்டுச் சல்லடை படுக்கிறது, எல்லாம் தெரிஞ்சுச்சு. நான் குழாயடியில நின்ன ஆளு. உள்ள விழுந்ததை நான் எங்கன பாத்தேன்?

இதை நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா அக்கா மக கேட்டா. அக்கா செத்தப்ப அவளுக்குப் பன்னெண்டு வயசு, இப்பப் பத்தொம்பது, என்கிட்டதான் வளர்ந்தா. கூடச் செத்த மூணு பேரும் எங்க தெருதான். அதுல ஒரு வீட்டுப் பொண்ணு, இவளோட ஒண்ணா நொண்டி விளையாடுனவ, "ஒங்கம்மா சல்லடையக் கீழ போட்டுத்தான் எங்கம்மா செத்துச்சு"ன்னு தெருக் குழாயடியில எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கா. இவ வீட்டுக்கு வந்து தண்ணிகூடக் குடிக்காம என் முன்னால நின்னா. "எங்கம்மா அப்படிக் கவனமில்லாதவ இல்ல சித்தி. நீதானே கூட இருந்த. உண்மையச் சொல்லு."

சொன்னேன். ஏழு வருசத்துல முதல் தடவையா, மிச்ச மருந்து, வாடை, வெதுவெதுப்பு எல்லாத்தையும் சொன்னேன். அவ என் மடியில விழுந்து அழுதா. மறுநாளே உக்காந்து மனு எழுதுனா, யார் யார் காலையோ பிடிச்சா. ரெண்டு மாசம் கழிச்சு விருதுநகர்ல ஒரு அதிகாரி எங்களை வரச் சொன்னாரு. புதுச் சேலை உடுத்தச் சொல்லி என்னைக் கூட்டிட்டுப் போனா.

அந்த அதிகாரி நல்ல மனுசன். உக்காருங்கம்மான்னு நாற்காலி போட்டாரு. "மருந்து சூடா இருக்குன்னு சொன்னது உங்க அக்காவேதானா? டப்பா மூடி தொறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா? முதல்ல வாடைன்னு சொன்னாங்களா, சூடுன்னு சொன்னாங்களா?"ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டாரு. எனக்கு ஒண்ணுமே வரல. சொல்லாமலே வச்சிருந்த நெனப்பு பூசணம் பிடிச்சுக் கெடக்கு. மேல அக்கா பேச்சுன்னு எழுதியிருக்கேனே, அதுகூட நானா ஒட்டவச்சதுதான். அதே வார்த்தையத்தான் சொன்னாளான்னு கேட்டா என்னால சத்தியம் பண்ண முடியாது.

அவரு பழைய வாக்குமூலத்தை எடுத்து விரிச்சாரு. "இதுல எந்தக் கை, என்ன சத்தம்னு இவ்வளவு விவரமாச் சொல்லியிருக்கீங்களேம்மா?"

"அது சொல்லிக் கொடுத்தது சார்."

"அப்ப இந்த மனுவுல இருக்கிறதை யாரு சொல்லிக் கொடுத்தது?"ன்னு அக்கா மகளைப் பாத்தாரு. அவ முகம் சுண்டிப் போச்சு. "நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல சார்"னு மெல்லச் சொன்னா.

அவரு கடைசியா என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "சல்லடை விழவே இல்லைன்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

விழலைன்னு சொல்லத்தான் அம்புட்டுத் தூரம் போனேன். வாயத் தொறந்தேன். கண்ணுக்குள்ள சல்லடை விழுந்துச்சு, கிணுங்னு சத்தம் கேட்டுச்சு. அக்கா மக என் கையப் பிடிச்சிருந்தா, அவ நகம் என் சதையில பதியுது. "தெரியல சார்"னேன். அவ கைய எடுத்துக்கிட்டா. அவரு அதையே எழுதி என்கிட்டக் கையெழுத்து வாங்கிக்கிட்டாரு.

பஸ்ஸுல அவ ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டா. என்னையத் திட்டு, நாலு அறை அறைன்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம நேரா உள்ள போயி அவ அம்மா போட்டோ முன்னால நின்னா. நான் வாசப்படியிலயே நின்னுட்டேன். அவ சின்னப் புள்ளையக் கண்டிக்கிற மாதிரி மெதுவாக் கேட்டா.

"ஏம்மா, சல்லடையக் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருக்கக் கூடாதா?"