வலது முழங்கையும் ஒரு பொய்யும்

முதலில் வலி இருக்கவில்லை. காலையில் எழுந்தால் வலது முழங்கை நிமிர மறுத்தது, அவ்வளவுதான். வெந்நீர் ஊற்றித் தேய்த்தால் பத்து மணிக்குள் வழிக்கு வந்துவிடும். ஈட்டி எறிகிறவளுக்குக் கை விறைக்காமல் வேறென்ன விறைக்கும் என்று என்னை நானே கேலி செய்துகொண்டேன். உங்களில் யாருக்காவது ஒரே மூட்டு இப்படி வாரக்கணக்கில் அடம்பிடித்தால், தயவுசெய்து கேலி செய்யாதீர்கள்.

அப்போது நான் வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் தையலும் தேகப்பயிற்சியும் படிப்பித்துவந்தேன். பெண்களுக்கான ஈட்டி எறிதலில் தொடர்ந்து இரண்டு வருடம் இலங்கையிலேயே முதலாவதாக வந்தவள். கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் நடந்தால், ஈட்டிக்காரி வருகிறாள், விலகி நில்லுங்கள் என்று பகிடி பண்ணுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மூன்றாம் முறை போட்டிக்காகக் கொழும்புக்குப் போக ஆறு கிழமை இருக்கும்போது முழங்கை வீங்கியது.

அம்மா என்னை முறிவு பார்க்கும் பரியாரியாரிடம் கூட்டிப்போனார். அவர் எண்ணெயைத் தொடவே இல்லை. வீக்கத்தின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, இது சுளுக்கில்லை, உள்ளே எலும்பில் ஏதோ இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். அந்த மனிதரை இன்றும் மதிக்கிறேன். அதன் பிறகு நடந்த பிழை எதுவும் அவருடையதல்ல.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஒரு பெண் டொக்டர். பின்னேரத்தில் காய்ச்சல் வருகிறதா, உடம்பு மெலிந்ததா என்று விசாரித்தார். பிறகு, வீட்டில் யாருக்காவது கனநாள் இருமல் இருந்ததா என்று கேட்டார்.

இருந்தது. அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, இரண்டு வருடம் பக்கத்து அறையில் இருமி இருமியே செத்துப்போனார். அந்த இரண்டு வருடமும் அவருக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவள் நான். அவருக்கு வந்தது சயரோகம் (நெஞ்சையும் சிலவேளை எலும்பையும் அரிக்கும் தொற்றுநோய்). ஊருக்கு நாங்கள் வெறும் மூச்சிழுப்பு என்று சொன்னோம். சயம் இருந்த வீடு என்று பெயர் வந்துவிட்டால், அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சாதகக் குறிப்புக் கேட்டு ஒருவரும் படலை திறக்க மாட்டார்கள். அந்த மாதம்தான் என் தங்கைக்குப் பொருத்தம் சரிவந்திருந்தது.

"எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் உந்த வருத்தம் இல்லை, டொக்டர். இவள் ஈட்டி எறியேக்கை விழுந்தவள்" என்றார் அம்மா.

டொக்டர் என்னைப் பார்த்தார். "ஓமோ, பிள்ளை?"

"ஓம்" என்றேன்.

தங்கைக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல காலம் எனக்கே சொல்லி வந்தேன். அது உண்மையில்லை. மாமியின் இருமலைச் சொல்லியிருந்தால் அன்றே கையைக் கட்டிப்போட்டிருப்பார்கள். கொழும்புப் பயணம் நின்றிருக்கும். அந்த நேரம் தங்கையின் முகம்கூட என் நினைவில் இல்லை. எனக்கு மூன்றாவது கோப்பை வேண்டியிருந்தது.

விழுந்த கை என்று நம்பி, டொக்டர் கட்டுப்போட்டு ஓய்வு சொன்னார். இரண்டு கிழமைகூட நான் பொறுக்கவில்லை. கொழும்பில் முதல் எறிதலிலேயே வென்றேன். அதற்குப் பிறகு கையைத் தூக்க முடியவில்லை. கோப்பையை இடது கையால் வாங்கினேன், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மூன்று மாதத்தில் முழங்கைத் தோல் உடைந்து சீழ் வந்தது. எக்ஸ்ரே படத்தில் எலும்பின் ஓரம் செல்லரித்த ஏடுபோல இருந்தது. டொக்டர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். அம்மா நிலத்தைப் பார்த்தார். நான் மாமியைப் பற்றிச் சொன்னேன். டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த நோயைக் கொல்ல இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை என்பதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓய்வும் வெயிலும் சாப்பாடும்தான் வைத்தியம். மூட்டை அசையாமல் பிளாஸ்டரில் (ஈரத்தில் குழைத்துச் சுற்ற, காய்ந்து கல்லாகும் கட்டு) வைத்து, எலும்போடு எலும்பு ஒட்டிப்போக விடவேண்டும். ஒட்டினால் நோய் அடங்கும்; மூட்டு ஒருநாளும் மடங்காது, நிமிராது.

"நீட்டினபடி விடுறதோ, மடக்கினபடி விடுறதோ?" என்று டொக்டர் கேட்டார். "பிறகு மாத்தேலாது. யோசிச்சுச் சொல்லும்."

நேராக இருந்தால் வெளியே தெரியாது என்றார் அப்பா. அம்மாவும் அதையே விரும்பினார். எனக்கும் ஆசைதான், நேரான கையோடு மைதானத்தில் நிற்கலாம், பார்க்கிறவர்களுக்கு நான் பழைய ஆளாகவே இருப்பேன். ஆனால் அந்தக் கையால் ஒரு பிடி சோறு வாய்க்குப் போகாது.

"சாப்பிடுற மாதிரி வையுங்கோ" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

பத்து மாதம் பிளாஸ்டர். காலை வெயிலில் கட்டிலை முற்றத்துக்கு இழுத்துவிடுவார்கள். மச்சமாமிசம் தொடாத அம்மா, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு மீனெண்ணெயைக் கரண்டியில் ஊற்றித் தருவார். இதற்குள் தங்கையின் கலியாணம் முடிந்தது. மணவறைக்குப் போக நான் கேட்கவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

புண் காய்ந்து நோய் அடங்கியது என்று டொக்டர் எழுதித் தந்தபின், பாடசாலையில் தையல் வகுப்பை மட்டும் தந்தார்கள். ஈட்டிகள் களஞ்சிய அறையில் பூட்டியிருந்தன. பெண்பிள்ளைகளுக்கு இது ஆகாது, எங்கள் ஆசிரியையின் கையைப் பாருங்கள் என்று தலைமையாசிரியை பெற்றோருக்குச் சொல்லியிருந்தார். நன்றாக எறியக்கூடிய ஒரு பிள்ளை, செல்வராணி, ஊசியில் நூல் கோத்துத் தரும்போது மெதுவாகக் கேட்டாள்.

"எறிஞ்சால் கை உப்பிடித்தான் வருமோ, ரீச்சர்?"

ஒரு தவணை முழுவதும் அவளுக்கு மறுமொழி சொல்லாமல் இருந்தேன். சொன்னால் தங்கையின் புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று தெரியும். கடைசியில் தலைமையாசிரியையிடம் போய், என் கையைத் தின்றது ஈட்டியில்லை, சயம் என்றேன். அவர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அடுத்த கிழமை, வீட்டிலேயே இருந்து ஓய்வெடுக்கும்படி பாடசாலையிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. நோய் அடங்கியது என்று டொக்டர் எழுதித் தந்த தாளை யாரும் வாசிக்கவில்லை. ஈட்டிகள் வெளியே வந்தனவென்றும், செல்வராணி எறிகிறாளென்றும் கேள்விப்பட்டேன். தங்கை பொங்கலுக்கு வரவில்லை. அவள் என்னோடு கோபமா, வர விடவில்லையா என்பது தெரியாது.

"ஒருத்தியை வாழவைக்க நான் மூடினதை நீ திறந்துபோட்டாய்" என்றார் அம்மா. அதன் பிறகு என்னோடு கதைப்பதில்லை.

உங்களிடம் டொக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள். அதற்குரிய விலை வரும். வராது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஓடத் தொடங்கி ஈட்டி கையை விட்டுப் போகும்வரை நாலைந்து மூச்சுக்கூட ஆகாது. வருடம் முழுவதையும் நான் அந்த மூச்சுகளுக்காகவே செலவழித்தவள். இப்போது பொழுதுக்கு அவசரமில்லை. சோறு சாப்பிடுவேன், கழுத்தைக் கொஞ்சம் வளைத்தால் போதும். கொண்டைக்கு மட்டும் என் வலது கை எட்டாது. காலையில் அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து இருப்பார். சிக்கெடுத்து, வாரி, முடிந்துவிடுவார். முடிந்தபிறகும் அவருடைய கை சற்று நேரம் என் தலையில் இருக்கும். நான் அசையாமல் இருப்பேன்.