அறுபத்திரண்டு பேர் சொன்ன ஒரே பதில்

பட்டமளிப்பு முடிந்து ஸும்றா புத்தளத்துக்குத் திரும்பிய வாரம், பக்கத்து வீட்டு றுக்கியா மாமி வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு நேர் முன்னால் உட்கார்ந்தார்.

"புள்ள, நான் இப்ப மனசில என்னத்த நினைக்கிறன்? செல்லுங்க பாப்பம்."

"எனக்குத் தெரியா மாமி."

"அப்ப நாலு வருசமா என்னத்தப் படிச்சீங்க?"

மாமி கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். ஸும்றாவும் உண்மையாகவே யோசித்தாள். உளவியல் என்றால் மற்றவர் மனதைப் படிப்பது அல்ல என்று சொல்லிவிடலாம். வேறு என்ன என்று கேட்டால்?

வாப்பா முத்தலிபு உப்பளத்தில் மேற்பார்வையாளர். மகள் பாடசாலையில் ஆலோசனை ஆசிரியையாக வந்தால் போதும் என்பது அவர் எண்ணம். அந்த விண்ணப்பம் எப்போது கோரப்படும் என்று யாருக்கும் தெரியவில்லை. உம்மா ஜெய்னம்புக்கு ஆஸ்பத்திரி வேலையில்தான் ஆசை. அதற்கு இன்னும் சில வருடப் படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்று மகள் விளக்கியபோது உம்மா பெருமூச்சு விட்டார். சிலாபம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கலியாணப் பேச்சு, மாப்பிள்ளையின் தாய்க்குப் படிப்பின் பெயர் தெரிந்ததும் நின்றுபோனது. "நான் ஒண்டு செல்ல, அந்தப் புள்ள வேற ஒண்டு விளங்கிக்கொள்ளும்" என்றாராம் அந்த அம்மா. அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஸும்றாவுக்குத் தோன்றியது.

முதலில் கிடைத்தது ஓர் ஆடைத் தொழிற்சாலையில், மனிதவளப் பிரிவில் உதவியாளர் வேலை. விலகிப் போகும் பெண்களிடம் ஒரு படிவம் கொடுத்துக் காரணத்தை எழுதி வாங்க வேண்டும். எல்லாரும் 'வீட்டுப் பிரச்சினை' என்றே எழுதினார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்து பேசினால் ஒவ்வொருத்தியும் வேறு வேறு கதை சொன்னாள். ஒருத்திக்குப் புதிய இடத்தில் தைக்க வெளிச்சம் போதவில்லை. இன்னொருத்தியின் தோழி விலகிவிட்டாள், பகல் சாப்பாட்டுக்குத் துணை இல்லை. இவற்றையெல்லாம் ஸும்றா நான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு அந்தப் படிவத்தில் இருந்த ஒரு கட்டம் நிரம்பினால் போதும். ஏழாவது மாதம் ஒப்பந்தம் முடிந்தது. இரு பக்கமும் அதைப் புதுப்பிக்கக் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் ஹஸ்மியின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. புத்தளத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்துக்கு அவர் இணைப்பாளர். கற்பிட்டிப் பக்கம் ஒரு மீன்பிடிக் கரையில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரே பருவத்தில் இரண்டு பேர் கடலில் மூழ்கிப்போனார்கள். அதற்குப் பிறகு படகுக்கு மூன்று உயிர்காப்பு அங்கிகள் வீதம் கொடுக்கப்பட்டன. ஆனால் யாரும் அணிவதில்லை. ஏன் என்று கேட்டு வர வேண்டும். ஆறு வாரத்து வேலை.

தை மாதம். ஸும்றா காலை முதல் பஸ்ஸில் பாலாவிச் சந்தி தாண்டி, மின்சாரக் காற்றாலைகளையும் வெங்காயப் பாத்திகளையும் கடந்து அந்தக் கரைக்குப் போனாள். படகுகள் ஏழு மணிக்குப் பிறகு வரும். வலையில் சிக்கிய மீனைக் கழற்றும் நேரத்தில் ஆட்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து படிவத்தை நிரப்பினாள். ஏன் அங்கி அணிவதில்லை? சூடு, பாரம், வேலைக்கு இடைஞ்சல், அளவு சரியில்லை, வேறு. அறுபத்திரண்டு பேரிடம் கேட்டாள். அறுபத்திரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"சூடு, தங்கச்சி."

படிவங்களை அடுக்கிப் பைக்குள் வைக்கும்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கரையில் இழுத்துவிட்ட படகிலிருந்து ஒருவர் இறங்கினார். தலையில் கம்பளித் தொப்பி. சேர்ட்டுக்கு மேல் ஒரு தடித்த ஜேர்சி, அதற்கு மேல் இன்னொரு சேர்ட். பக்கத்துப் படகிலும் அப்படித்தான். விடியற்காலைக் கடற்குளிரில் நடுங்கி, இரண்டு மூன்று உடுப்புகளைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் அத்தனை பேரும் சூடு என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அவளுக்கு எரிச்சல் வரவில்லை. புல்லரித்தது.

"படிவமெல்லாம் நிரம்பிட்டுது தானே?" என்றார் ஹஸ்மி.

"நிரம்பிட்டுது சேர். ஆனா அது உண்மை இல்ல."

"பொய் செல்றாங்களா?"

"பொய்யும் இல்ல. கேட்டா செல்றதுக்கு ஒரு பதில் வச்சிருக்காங்க. எனக்கு இன்னும் பத்து நாள் தாங்க."

ஹஸ்மி நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

இந்தத் தடவை அவள் படிவம் கொண்டுபோகவில்லை. கரையில் மீன் தரம் பிரிக்கும் மக்தலேனா அக்காவோடு சேர்ந்து மீன் கழற்றினாள். முதல் நாள் விரலெல்லாம் முள். மூன்றாம் நாள் மக்தலேனா தன் கணவர் லூக்காஸின் படகில் ஸும்றாவை ஏற்றிக் காட்டச் சம்மதித்தார், தானும் கூட வருவதாக இருந்தால்.

"எத்தின தரம் போயிருப்பீங்க அக்கா?"

"நானோ? ஒருநாளும் போகேல்ல" என்றார் மக்தலேனா. "இருவத்தாறு வருசமா அவர் போறதையும் வாறதையும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். எனக்கும் பாக்க ஆசை."

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். லூக்காஸ் எஞ்சின் பிடித்துப் படகை ஓட்டினார். முன்னால் நெவில், அவரோடு ஆறு வருடமாகக் கடலுக்குப் போகிறவன். பெண்கள் வருகிறார்கள் என்பதற்காக எல்லாருக்கும் செம்மஞ்சள் அங்கி, நான்காவது பக்கத்துப் படகிலிருந்து இரவல். மக்தலேனா படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கரையில் தன் வாடிக் குடிசை எவ்வளவு சிறியதாகிவிட்டது என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். கடலுக்குள் இருக்கும் கல்லுப் பாரைத் தாண்டியதும் நெவில் அங்கியைக் கழற்றி, மடித்து, அதன் மேல் உட்கார்ந்தான். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அவன் திரும்பி லூக்காஸைப் பார்க்கவும் இல்லை. உள்ளே போட்டிருந்த ஜேர்சியை மட்டும் கழற்றவில்லை.

சிறிது நேரத்தில் லூக்காஸும் தன்னுடையதைக் கழற்றி எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கரைக்கு வந்ததும் ஸும்றா நெவிலிடம் தனியாகப் பேசினாள். அவன் வலையை உதறிக்கொண்டிருந்தான்.

"நெவில் அண்ணன், சூடு எண்டா ஜேர்சியத்தானே முதல்ல கழற்றணும்?"

அவன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அது தங்கச்சி... எஞ்சின் பிடிக்கிறது லூக்காஸ் அண்ணன். அவருக்கு முன்னால அதப் போட்டுக்கொண்டு இருந்தா, உங்கட கைய நான் நம்பேல்ல எண்டு சொல்ற மாதிரி. அவருக்கு மனம் நோகும்."

"அவர் அப்பிடிச் சொன்னாரா?"

"சொல்லுவாரா? எனக்குத் தெரியும் தானே."

அங்கிருந்து நேராக லூக்காஸிடம் போனாள். அவர் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"நெவில் அங்கி போட்டா உங்களுக்குக் கோவம் வருமா அண்ணன்?"

"எனக்கென்ன கோவம்? போட்டா நல்லம். அவனுக்கு ரெண்டு பிள்ளையள்."

"அப்ப நீங்களே போடச் சொல்லலாமே? நீங்களும் போடலாமே?"

லூக்காஸ் எஞ்சினைத் திரும்பவும் மணலில் வைத்தார். "நான் போட்டா அவன் என்ன நினைப்பான்? இவருக்கு இண்டைக்குக் கடல் பயம், கடல் சரியில்ல எண்டு நினைப்பான். பிறகு என்னோட ஏற மாட்டான்."

ஸும்றா இரண்டாம் வருடப் பாடத்தில் நான்கு வரியில் படித்து, பரீட்சைக்கு எழுதி, மறந்துபோன விஷயம் ஒன்று இருந்தது. ஒரு கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒன்றை விரும்புகிறார்கள். மற்றவர்கள் விரும்பவில்லை என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். அதனால் யாரும் விரும்பாததை எல்லாரும் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த நான்கு வரியும் இங்கே மணலில் இரண்டு கால்களோடு நின்று, தோளில் எஞ்சின் சுமக்கப் பார்க்கிறது.

ஆனால் ஒரு படகை வைத்துக்கொண்டு ஊரையே சொல்லிவிட முடியாது. மீதியிருந்த நாட்களில் இன்னும் பதினொரு படகுக்காரரிடம் அதே இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டாள். ஒன்பது படகுகளில் அதே கதை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களை மீனவர் சங்கக் கட்டடத்தில் கூட்டித் தரும்படி மக்தலேனாவிடம் கேட்டாள். ஐம்பத்தெட்டு ஆண்கள் வந்தார்கள். பாதிப் பேர் புதிதாக ஏதோ கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து வந்தவர்கள். ஸும்றா மேசையில் வெறும் பால்மா டின்கள் இரண்டை வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சிப்பிகள்.

"நான் ரெண்டு கேள்வி கேப்பன். கைய உயர்த்தத் தேவையில்ல. துணிக்குள்ள கைய விட்டு, ஓம் எண்டா வலப்பக்க டின்னில, இல்ல எண்டா இடப்பக்க டின்னில ஒரு சிப்பியப் போடுங்க. ஆர் எங்க போட்டது எண்டு எனக்கும் தெரியாது."

முதற் கேள்வி: உங்கள் படகில் ஒருவர் அங்கி அணிந்தால் உங்களுக்கு மனம் நோகுமா? வரிசையாக வந்து போட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் கொட்டி எண்ணினாள். நோகும் என்றவர்கள் நான்கு பேர்.

இரண்டாம் கேள்வி: நீங்கள் அணிந்தால் உங்கள் படகில் மற்றவருக்கு மனம் நோகுமா? மறுபடி வரிசை. மறுபடி கொட்டினாள். நோகும் என்றவர்கள் நாற்பத்துமூன்று பேர்.

இரண்டு எண்களையும் கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினாள். விளக்கத்தான் ஆயத்தமாக வந்திருந்தாள். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நாலு பேருக்குத்தான் நோகுமெண்டா, அந்த நாப்பத்திமூண்டு பேரும் ஆருக்குப் பயந்தவங்க?"

சிரிப்பு எழுந்தது. முதலில் ஒரு மூலையில், பிறகு மண்டபம் முழுக்க. நெவில் லூக்காஸைப் பார்த்தான். லூக்காஸ் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை கரைக்கு வந்த இருபத்தாறு படகுகளில் பதினான்கில் யாரோ ஒருவராவது அங்கியோடு இருந்தார். அடுத்த கிழமை அது ஒன்பதாகக் குறைந்தது. ஸும்றா சோர்ந்துபோனாள். பிறகு ஏன் என்று பார்த்தாள். எஞ்சின் பிடிப்பவர் போட்டிருந்த படகுகளில் மற்றவர்களும் விடாமல் போட்டார்கள். அவர் போடாத படகுகளில்தான் பழையபடி மடித்து உட்கார்ந்தார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அதைத்தான் எழுதினாள்: இனி எல்லாரிடமும் பேசத் தேவையில்லை, எஞ்சின் பிடிப்பவர்களிடம் மட்டும் பேசினால் போதும். ஹஸ்மி அப்படியே செய்தார். உயிர்த்த ஞாயிறு வரும்போது படகுகளில் பாதிக்கு மேல் செம்மஞ்சள் தெரிந்தது. முழுவதும் அல்ல. லூக்காஸ் போடுவார், ஆனால் பட்டியை மட்டும் மாட்ட மாட்டார். அது இரைப்பையை அமுக்குகிறதாம்.

அந்தச் சித்திரையில் இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று அரச அலுவலகத்தில் பட்டதாரிப் பயிலுநர் நியமனம். மற்றது ஹஸ்மியின் நிறுவனத்தில் இரண்டு வருட ஆய்வு உத்தியோகத்தர் ஒப்பந்தம்.

"அரசாங்க வேல நிரந்தரம்" என்றார் வாப்பா. "இது என்னா வேல மகள்? பேராவது இரிக்கிதா?"

ஸும்றா வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய தோல்பையைப் பார்த்தாள். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி எல்லாம் அதற்குள்தான். வீட்டில் அலுமாரி இருக்கிறது, பூட்டும் இருக்கிறது.

"வாப்பா, அந்தப் பை ஏன் அலுமாரிக்குள்ள இல்ல?"

"லேசா எடுக்கத்தான்."

"எங்க போற நேரம் எடுக்க?"

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது முத்தலிபுக்குப் பத்தொன்பது வயது. அவருடைய வாப்பா காணி உறுதியை எடுக்க வீட்டுக்குத் திரும்ப ஓடியதையும், வாப்பா திரும்பி வரும்வரை அவருடைய உம்மா தெருவில் நின்று ஒரு அடி கூட நகர மறுத்ததையும் அன்றுதான் சொன்னார். பகல் சாப்பாடு ஆறிப்போனது. ஜெய்னம்பு அகப்பையோடு சமையலறை வாசலில் நின்று கேட்டார். கலியாணம் முடித்து முப்பது வருடத்தில் அவருக்கே அது தெரியாது.

"இத ஏன் எனக்கிட்டச் செல்லவேயில்ல?" என்றார் அவர்.

"ஒருத்தரும் கேக்கல்ல" என்றார் முத்தலிபு.

ஸும்றா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள். அரச நியமனத்தை ஏற்கவில்லை என்ற கடிதத்தை வாப்பாவே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார். இரண்டு நாள் கழித்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். ஆஸ்பத்திரி உளவியலாளர் ஆகும் எண்ணத்தையும் அவள் விட்டுவிடவில்லை. வார இறுதிகளில் மேற்படிப்புக்குக் கொழும்புக்குப் போய் வருகிறாள்.

இப்போது அவளுடைய வேலை வண்ணாத்திவில்லுப் பக்கத்துக் கிராமங்களில். நீரிழிவு எனும் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கும் பலர், மாதா மாதம் கிளினிக்குக்குத் தவறாமல் வருகிறார்கள், வரிசையில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள், மாத்திரையை வாங்குகிறார்கள். விழுங்குவது மட்டும் இல்லை. விழுங்காத மாத்திரைக்காக ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறார்கள்? போன கிழமை மெரினா என்ற ஒரு பெண்மணி அவளை உள்ளே கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்தார். மூன்று பிஸ்கட் டின்கள், நிறைய மாத்திரை உறைகள், ஒவ்வொன்றிலும் திகதி.

ஸும்றா தரையில் உட்கார்ந்து முதல் டின்னைத் திறந்தாள்.

"அக்கா, வரிசையில நிக்கிற நேரம் உங்களுக்குப் பக்கத்தில ஆர் நிப்பாங்க?" என்று கேட்டாள்.

மெரினாவின் முகம் மலர்ந்தது. அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார்.